எழுபதும் இரண்டும்

முதல் மூன்று இரவு அது வாயே திறக்கவில்லை.
நான்காம் இரவு கத்தியது.

ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்தேன்.
அங்கிருந்தும் கேட்டது,
காய்ந்த வாணலியில் ஒரு வாளித் தண்ணீர்.
அதற்குள் எங்கோ ஓர் அக்கார்டியன் இருக்கிறது என்று
திராகுதின் சத்தியம் செய்திருந்தான்.

என் வீடு ரோகதெத்ஸில். ஆறு தாண்டினால் அவன் ஊர், ஹும்.
சலித்துக்கொள்வது போல ஒரு பெயர்.
எங்கள் கரையில் ஆற்றுக்குச் சோத்லா,
அவன் கரையில் சுத்லா.
ஒரே தண்ணீர்,
ஓர் எழுத்துதான் நனைந்து மாறியிருக்கிறது.

அவன் வானொலி நிலையம்
கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒற்றை அறை.
பழைய கணினி பிப்ரவரியில் புகைந்துபோனது.
யாரோ இனாமாகக் கொடுத்த பவர்பிசி பெட்டி வந்தது.
சவுண்ட் கார்டு மட்டும் பழசு,
செய்த கம்பெனி மூடிப் பதினோரு வருஷம்.
டிரைவர் இருக்கிறது, வேறு சில்லுக்காக எழுதியது.
"பெயர்த்து நட்டால் போதும்தானே, யெர்னேயா?"
தக்காளி நாற்று என்று நினைத்துவிட்டான்.

எழுதியவர் யாரென்று தெரியாது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேல்
ஒரு குறிப்பு விட்டிருந்தார்:
இதை ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும், எனக்கே புரியவில்லை.
ஒருதடவை எழுதினால் கார்டு தூங்கிவிடுகிறது.
அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.
அவர் சந்தேகப்பட்ட இடமெல்லாம் ஒழுங்காக ஓடியது.
சந்தேகமே படாத இடங்கள்தான் என்னைக் கொன்றன.

ஐந்தாம் இரவு, திரையில் தெரிந்த எண்களைப்
போனில் வாசித்துக்கொண்டிருந்தான்.
"எழுபதும் இரண்டும்" என்றான் அவன் மொழியில்.
எங்கள் பேச்சில் அது இரண்டும் எழுபதும்,
சின்னது முன்னால் வரும், பெரியது பின்னால்.
பாதித் தூக்கத்தில் என் கை
முதலில் கேட்டதைக் கடைசியில் வைத்தது.
தாளில் பார்த்தேன்: இருபத்தேழு.

அடிக்கப் போன பேனா நின்றது.

கார்டு என் ஊர்க்காரன்.
சில்லு அவன் ஊர்க்காரன்.
இவன் சொன்னதில் தப்பில்லை, அவன் கேட்டதிலும் தப்பில்லை,
முன்பின் தெரியாதவர்கள், அவ்வளவுதான்.
ஒவ்வொரு துளிச் சத்தத்தையும் நடுவில் முறித்து
தலையை வாலிலும் வாலைத் தலையிலும்
நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை
மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பிப் போட்டேன்.
வாணலி அடங்கியது.
ஒரு போல்கா. யாரோ இருமுகிறார். நாற்காலி இழுபடுகிறது.

நாலு நொடிக்கு ஒரு சொடுக்கு மட்டும் மிச்சம்.
அது வேறு வியாதி.
பழைய சில்லு சொன்ன வரிசையில் எழுதும் சாது.
இதுவோ பந்திக்கு முந்தும் ரகம்:
"சாப்பிடு" என்ற உத்தரவு ஓடி வந்துவிடும்,
சோறு இன்னும் வழியில்.
கார்டு வெறும் இலையை வழித்து வாயில் போடும்.
முன்னால் அனுப்பியதெல்லாம் போய்ச் சேரட்டும்,
அப்புறம் கூப்பிடு என்று
இடையில் ஒரு வரி போட்டேன்.
கண்டுபிடிக்க ஒன்பது நாள்.
அந்த வரியின் நீளம் ஆறு எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் சோதனைச் சாவடி
ஆளில்லாமல் திறந்து கிடந்தது.
திராகுதின் கண்மூடிக் கேட்டான்.
முகத்தில் ஒன்றும் காணோம்.
"அக்கார்டியன் வலப்பக்கம் வருகிறது."
"எங்கே வர வேண்டும்?"
"இடப்பக்கம். மைக் வைத்தவனே நான்தான்."

உடனே புரிந்தது.
இரண்டிரண்டாகத் திருப்ப வேண்டியதை
நான்கு நான்காகத் திருப்பியிருக்கிறேன்.
எண்கள் நேரானதும் பக்கங்கள் இடம் மாறிவிட்டன.

பத்து மணிச் செய்திக்கு நாலு நிமிஷம் இருந்தது.
அவன் ஹெட்போனைக் கழற்றித்
திருப்பி மாட்டிக்கொண்டான்.
"இப்போ சரி" என்றான்.

மழை வரும் என்று அவன் வாசிக்கத் தொடங்கியபோது
என் வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
இங்கே இடம் வலமாகிறது. எனக்குத் தெரியும்.